பாடகிக்குக் கைதட்டல் மட்டும் போதுமா?

பாடுகிறவர்களைப் பார்த்துப் பலர் பொறாமைப்படுகிறார்கள்.

"அவர்களுக்கு என்ன குறை? இரண்டு மணி நேரம் பாடுகிறார்கள். மாலை விழுகிறது. பணம் கொட்டுகிறது" என்று பேசிக்கொள்ளுகிறார்கள்.

இது தவறான எண்ணம். பாட்டும் ஒரு வேலைதான். ஆலையில் நூல் நூற்பவர் போல, பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர் போல, பாடகியும் ஒரு தொழிலாளிதான். மற்றவர்களுக்குக் கையும் காலும் கருவி. பாடகிக்குத் தொண்டை கருவி. அந்தக் கருவி பழுதானால் கடையில் வேறு வாங்க முடியாது.

ஆகையால், பாடகிக்குக் கைதட்டல் மட்டும் போதாது. மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். இதை ஐரோப்பாவில் சில நகரங்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. அந்த நகரங்களில் பாடகியின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், உண்மை விளங்கும்.

பாட்டு நாடகம்

மேல்நாட்டில் "ஓபரா" என்று ஒரு கலை இருக்கிறது. ஓபரா என்றால் பாட்டு நாடகம். "வள்ளி திருமணம்" நாடகத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளுவது எளிது. ஆனால் பெரும்பாலான ஓபராக்களில் வசனமே கிடையாது. காதலும் பாட்டு. சண்டையும் பாட்டு. சாகும்போதும் பாட்டு!

மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். அதில் 60 பேர், 70 பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பார்கள். பாடகிக்கு ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவர் காதில் அவர் குரல் விழ வேண்டும். நடிக்கவும் வேண்டும். பாட்டு இத்தாலி மொழியில் இருக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, ரஷிய மொழிகளிலும் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. பயிற்சி முடிந்தவுடன் வரும் கேள்வி ஒன்றுதான்: "வேலை எங்கே?"

வேலை தேடும் படலம்

ஜெர்மனியில் ஏறக்குறைய 80 ஓபரா அரங்குகள் உள்ளன. பெர்லின், மியூனிக் போன்ற பெரிய நகரங்களில் மட்டும் அல்ல. 20 ஆயிரம் பேர் வாழும் அன்னபெர்க்-புக்ஹோல்ட்ஸ் என்ற சிறிய ஊரில்கூட ஓபரா நடக்கிறது. பக்கத்து நாடுகளான ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இதே ஏற்பாடு உண்டு.

இந்த அரங்குகள் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுகின்றன. அதனால் உலகம் முழுவதும் இருந்து பாடகர்கள் அங்கே போகிறார்கள். அமெரிக்கர் வருகிறார். கொரியர் வருகிறார். ரஷியர் வருகிறார்.

முதலில் குரல் தேர்வு. பாடகி தன் சொந்தச் செலவில் ரெயில் ஏறிப் போக வேண்டும். பியானோ வாசிப்பவர் ஒருவர் இருப்பார். இருட்டான அரங்கில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டு பாடச் சொல்லுவார்கள். பிடித்திருந்தால் இன்னொரு பாட்டு கேட்பார்கள். பிடிக்காவிட்டால் "நன்றி" என்பார்கள்.

ஒரே சொல்! அதைக் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ரெயில் ஏற வேண்டும்.

இப்படி ஊர் ஊராக அலைந்து, ஏதாவது ஓர் ஊரில் வேலை கிடைக்கும். அதுதான் அவருடைய புது ஊர். அந்த ஊரின் பெயரை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

புது ஊர், புது வீடு

புது ஊரில் முதல் தொல்லை வீடு. சாதாரண ஆளுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். பாடகி என்றால் இன்னும் கஷ்டம். "வீட்டில் பாடுவீர்களா?" என்று கேட்பார்கள். ஜெர்மனியில் இரவு 10 மணிக்கு மேல் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. பல வீடுகளில் மதியத்திலும் சத்தம் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். மேடையில் ஆயிரம் பேர் காசு கொடுத்துக் கேட்கும் குரல், வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி!

அதனால் பாடகி அரங்கில் உள்ள பயிற்சி அறைக்கே போய்ப் பாடிப் பார்ப்பார்.

இரண்டாவது தொல்லை மொழி. ஜெர்மன் மொழியில் காதல் பாட்டு பாடத் தெரியும். ஆனால் ரொட்டிக் கடையில் பேசத் தெரியாது. வீட்டு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாது. ஒத்திகையில் இயக்குநர் வேகமாகப் பேசினால் புரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும்.

மூன்றாவது தொல்லை குளிர். குளிர் காலத்தில்தான் ஓபராவுக்கு நல்ல பருவம். அப்போதுதான் சளியும் இருமலும் ஊரெல்லாம் பரவும். மற்றவர்களுக்குச் சளி பிடித்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். பாடகிக்குச் சளி பிடித்தால் வேலையே நின்றுவிடும்.

ஒரு நாள் வேலை

பாடகியின் வேலை நாள் இரண்டு துண்டாக இருக்கும்.

காலை 10 மணிக்கு ஒத்திகை தொடங்கும். பகல் 1 மணி அல்லது 2 மணி வரை நடக்கும். பிறகு ஓய்வு. மாலை 6 மணிக்கு மறுபடியும் ஒத்திகை. இரவு 10 மணிக்குத்தான் முடியும். நாடகம் இருக்கும் நாளில் மாலை ஒத்திகைக்குப் பதில் மேடை.

நாளைக்கு என்ன வேலை என்பது இன்று பகலில்தான் தெரியும். முன்பெல்லாம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். இப்போது கைபேசியிலேயே வந்துவிடுகிறது. வெளியூர் போக வேண்டுமானால் அரங்கில் அனுமதி வாங்க வேண்டும். அக்காள் கல்யாணம் என்றாலும் அதேதான்.

ஒரு புது நாடகத்தைத் தயார் செய்யச் சுமார் 6 வாரம் ஆகும். முதல் நாள் வரும்போதே பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். முதலில் பியானோவுடன் ஒத்திகை. பிறகு நடிப்புடன் ஒத்திகை. பிறகு வாத்தியக் கோஷ்டியுடன் ஒத்திகை. கடைசியில் வேஷம் போட்டு முழு ஒத்திகை. நடுவில் தையல்காரர் அளவு எடுப்பார். தலையில் வைக்கும் பொய் முடிக்கு வேறு ஒருவர் அளவு எடுப்பார்.

புது நாடகம் தயாராகும்போதே பழைய நாடகங்களும் நடக்கும். செவ்வாய்க்கிழமை வேலைக்காரி வேஷம். வெள்ளிக்கிழமை இளவரசி. ஞாயிற்றுக்கிழமை சூனியக்காரி! சிறிய ஊர் அரங்கில் ஒரே பாடகி எல்லாவற்றையும் பாட வேண்டும்.

திடீரென்று ஒரு பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டால் என்ன செய்வார்கள்? நாடகத்தை எளிதில் நிறுத்த மாட்டார்கள். அதே பாட்டு தெரிந்த வேறு ஊர்ப் பாடகியைத் தேடி டெலிபோன் மேல் டெலிபோன் பறக்கும். அவர் ரெயில் ஏறி ஓடி வருவார். நடிப்பைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அவர் மேடை ஓரத்தில் நின்று பாடுவார். மேடை நடுவில் வேறு ஒருவர் வாயை அசைத்து நடிப்பார். மக்கள் கைதட்டுவார்கள்.

அன்று படுத்துவிட்ட பாடகி மாதச் சம்பளக்காரராக இருந்தால் அவருக்குச் சம்பளம் உண்டு. ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருபவராக இருந்தால்? பாடினால் பணம். பாடாவிட்டால் ஒன்றும் இல்லை.

சம்பளத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது.

கதவு மூடிய கல்லூரி

இந்தச் சம்பள மேடைகளால் பிழைத்தவர்கள் பலர். கிரேஸ் பம்ப்ரி என்ற பாடகியும் இப்படி ஒரு நகர மேடைக்கு வந்தவர்தான். அவர் கதையைக் கேட்டால் மனம் கொதிக்கும், பிறகு குளிரும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயி என்று ஒரு நகரம். அங்கே 1937-ல் ஒரு கறுப்பு இனக் குடும்பத்தில் பிறந்தார் கிரேஸ் பம்ப்ரி. தகப்பனாருக்கு ரெயில்வே சரக்கு நிலையத்தில் வேலை. தாயார் பள்ளி ஆசிரியை. மாதா கோவிலில் பாடிப் பாடிக் குரல் வளர்ந்தது.

1954-ல் அவருக்கு வயது 17. ஒரு வானொலிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அந்த ஊர் இசைக் கல்லூரியில் படிக்க உதவித் தொகையும் பரிசில் சேர்ந்தது. ஆனால் கல்லூரி கையை விரித்துவிட்டது. வெள்ளைக்கார மாணவர்களுடன் கறுப்பு இனப் பெண் உட்கார்ந்து படிக்கக் கூடாதாம்! "வேண்டுமானால் தனியாகச் சொல்லித் தருகிறோம்" என்றார்கள். தாயார் மறுத்துவிட்டார். மகளின் மானம் பெரிதா, பரிசு பெரிதா? தாயாருக்கு மானம்தான் பெரிதாகப் பட்டது.

கிரேஸ் வேறு ஊர்களுக்குப் போய்ப் படித்தார். அவருக்குக் கிடைத்த குரு லோட்டே லேமான். அந்த அம்மாள் வியன்னா நகரில் புகழ் பெற்ற ஓபரா பாடகி. ஆஸ்திரியாவை நாஜிகள் பிடித்த 1938-ல் அமெரிக்காவுக்குப் போனவர். புது நாட்டில் புது வாழ்வு தொடங்குவது எப்படி என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கலையையும் சேர்த்தே சிஷ்யைக்குக் கற்றுக் கொடுத்திருப்பார்.

பாசல் நகரத்துப் பாடகி

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் ஓபரா அரங்குகள் மிகக் குறைவு. கறுப்பு இனத்தவருக்கு அவற்றிலும் வழி அடைபட்டிருந்தது.

மேரியன் ஆண்டர்சன் என்ற பெரிய பாடகியின் கதை இதற்குச் சாட்சி. அவரும் கறுப்பு இனத்தவர். 1939-ல் வாஷிங்டனில் ஒரு மண்டபத்தில் பாட அவருக்கு இடம் மறுத்தார்கள். அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். 75 ஆயிரம் பேர் கேட்டார்கள். ஆனாலும் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் பாட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 57! குரலின் நல்ல காலம் போய்விட்டது.

குரலுக்கு வயது உண்டு. கதவு தாமதமாகத் திறந்தால், திறந்தும் பயன் குறைவு.

கிரேஸ் பம்ப்ரி காத்திருக்கவில்லை. கப்பல் ஏறிப் போன பல அமெரிக்கப் பாடகர்களைப் போல ஐரோப்பாவில் வேலை தேடினார். 1960-ல் பாரிஸ் நகர ஓபராவில் பாடினார். பிறகு சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகர ஓபராவில் ஒப்பந்தப் பாடகியாகச் சேர்ந்தார். பாசல் உலகப் பெரு நகரம் அல்ல. ரைன் நதிக்கரையில் உள்ள நடுத்தர நகரம். ஆனால் அங்கே மேடை இருந்தது. "கார்மென்" போன்ற பெரிய வேஷங்கள் கிடைத்தன. ஒரு பாடகி தன் தொழிலைப் பாடிப் பாடித்தான் கற்க முடியும். அதற்கு நிலையான மேடை வேண்டும்.

42 முறை திரை திறந்தது

பாசல் நகரில் வேலை பார்த்த காலத்திலேயே ஒரு பெரிய அழைப்பு வந்தது. ஜெர்மனியில் பைராய்ட் என்ற ஊரில் 1876 முதல் ஓபரா விழா நடந்து வருகிறது. வாக்னர் என்ற இசை மேதை தொடங்கிய விழா. ஹிட்லர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய விழாவும் அதுதான்.

1961-ல் அந்த விழாவை நடத்தியவர்களில் ஒருவர் வாக்னரின் பேரன் வீலண்ட் வாக்னர். "டான்ஹாய்சர்" என்ற ஓபராவில் காதல் தேவதை வீனஸ் வேஷத்துக்கு அவர் கிரேஸ் பம்ப்ரியைத் தேர்ந்தெடுத்தார். உடனே எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. காதல் தேவதை கறுப்பாக இருக்கலாமா என்று கூச்சல்! தம் பாட்டனார் குரலின் நிறத்தைப் பார்த்துத்தான் பாட்டு எழுதினார், தோலின் நிறத்தைப் பார்த்து அல்ல என்று வீலண்ட் பதில் சொன்னார்.

கிரேஸ் பாடினார். வயது 24. பைராய்டில் பாடிய முதல் கறுப்பு இனத்தவர் அவர்தான். நாடகம் முடிந்தது. அரை மணி நேரம் கைதட்டல் ஓயவில்லை. நடிகர்கள் வணங்குவதற்காக 42 முறை திரை திறந்தது!

1962-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாட வைத்தார். 1965-ல் மெட்ரோபாலிடன் ஓபராவும் அவரை மேடை ஏற்றியது. கல்லூரி வாசலில் நிறுத்திய நாடு, 11 ஆண்டுகளில் அவரைக் கொண்டாடியது. அவர் 2023-ல், 86-வது வயதில், வியன்னாவில் காலமானார்.

42 முறை திரை திறந்ததை எல்லோரும் சொல்லுகிறார்கள். பாசல் நகரத்துத் தினசரி வேலையை யாரும் சொல்லுவதில்லை. ஆனால் மலர் பூப்பது வேரால்தான்.

யார் பணம்?

"பாட்டுக்காரிக்கு ஊர்ப் பணத்தில் சம்பளமா?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானதுதான். ஜெர்மனியில் நகர அரங்குகளின் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட டிக்கெட் விற்பனையால் வருவதில்லை. மீதியை நகரமும் அரசாங்கமும் தருகின்றன. அது வரிப்பணம்தான்.

ஆனால் வரிப்பணத்தில் பூங்கா வைக்கிறார்கள். நூல்நிலையம் வைக்கிறார்கள். நூல்நிலையத்தில் லாபம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதுபோலத்தான் அரங்கும். டிக்கெட் விலை குறைவாக இருந்தால்தான் மாணவரும் தொழிலாளியும் உள்ளே வர முடியும். இல்லாவிட்டால் பாட்டு பணக்காரர் வீட்டுப் பொருளாகிவிடும். மேலும், அரங்கை நம்பிப் பாடகி மட்டுமா வாழ்கிறார்? தச்சர், தையல்காரர், மின்சாரத் தொழிலாளி என்று எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

இந்த விஷயத்தில் பாசல் மக்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். 1967-ல் அந்த ஊரில் இருந்த பிக்காசோவின் இரண்டு ஓவியங்கள் விலைக்குப் போக இருந்தன. அவற்றை வாங்க ஊர்ப் பணத்தில் 60 லட்சம் பிராங்க் கொடுக்கலாமா என்று மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். "கொடுக்கலாம்" என்று பெரும்பாலோர் ஓட்டுப் போட்டார்கள்! பிக்காசோ மனம் குளிர்ந்துபோய் மேலும் நான்கு படைப்புகளை அந்த ஊருக்கு இலவசமாகவே கொடுத்தார். கலைக்குக் கொடுத்த ஊர் கெட்டுப்போகவில்லை.

நோய் வந்த ஆண்டு

சம்பளத்தின் பெருமையை 2020-ம் ஆண்டு நன்றாகக் காட்டியது. கொரோனா நோய் பரவியது. உலகெங்கும் அரங்குகள் மூடின.

ஜெர்மனியில் மாதச் சம்பளப் பாடகர்கள் வீட்டில் இருந்தார்கள். அரசாங்கத்தின் உதவித் திட்டத்தால் அவர்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி வந்துகொண்டிருந்தது. நாடகக் கூலிக்குப் பாடிய பாடகர்களோ தவித்துப் போனார்கள். பேசிய நாடகம் நடக்கவில்லை. பேசிய கூலியும் பலருக்கு வரவில்லை.

நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா பெரும்பாலும் நன்கொடையையும் டிக்கெட்டையும் நம்பி நடப்பது. 2020 ஏப்ரல் முதல் அங்கே வாத்தியக்காரர்களுக்கும் கூட்டுப் பாடகர்களுக்கும் சம்பளம் நின்றது. ஏறக்குறைய ஓர் ஆண்டு அப்படியே ஓடியது. உலகப் புகழ் பெற்ற அரங்குதான். ஆனால் புகழை வைத்து உலை வைக்க முடியவில்லை.

அக்டோபர் கடிதம்

ஜெர்மன் ஏற்பாடு குறை இல்லாதது என்று சொல்ல முடியாது. பெரிய குறை ஒன்று உண்டு.

அங்கே பாடகர்களுக்குப் பொதுவாக ஓர் ஆண்டு ஒப்பந்தம்தான். அது தானாகவே நீண்டுகொண்டு போகும். அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றால், அரங்கு அக்டோபர் 31-ம் தேதிக்குள் கடிதம் கொடுத்துவிட வேண்டும். நீண்ட நாள் வேலை பார்த்தவர்களுக்கு அதற்கும் முன்பே சொல்ல வேண்டும். ஆகவே இலையுதிர் காலம் வந்தால் பாடகர்கள் நெஞ்சு படபடக்கும். புது நிர்வாகி வந்தால் பழைய பாடகர்கள் பலருக்குக் கடிதம் வருவதும் வழக்கம்.

15 ஆண்டுகள் ஒரே அரங்கில் வேலை பார்த்துவிட்டால், பிறகு இப்படி அனுப்ப முடியாது. இது பாதுகாப்புக்காகச் செய்த விதி. ஆனால் அதுவே சிலருக்கு வினையாகிறது. 15 ஆண்டு முடிவதற்குள்ளேயே கடிதத்தைக் கொடுத்துவிடும் அரங்குகளும் இருக்கின்றன! அப்போது பாடகிக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். மறுபடியும் ரெயில். மறுபடியும் இருட்டு அரங்கு. மறுபடியும் "நன்றி" என்ற சொல்.

குரல் தளர்ந்தவரை மேடையில் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்காக 14 ஆண்டு பாடியவருக்கு ஊரில் வேறு வேலை இல்லையா? இளம் பாடகர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு நடத்தலாம். கூட்டுப் பாடலில் சேரலாம். ஒரு கடிதத்தோடு கணக்கை முடிப்பது நன்றி ஆகாது.

செய்ய வேண்டியது

ஆகவே முடிவு இதுதான்: பாடகிக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அதைக் குறைக்கக் கூடாது. பணம் இல்லை என்று நகரசபைகள் கணக்குப் பார்க்கும்போது, முதலில் அரங்கின் மீது கை வைக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டில் உள்ள குறையை மட்டும் திருத்த வேண்டும்.

பெரிய பாடகி வானத்திலிருந்து குதிப்பதில்லை. எங்கோ ஒரு நடுத்தர ஊர் அவருக்கு மேடை கொடுக்கிறது. தவறு செய்யவும் திருந்தவும் நேரம் கொடுக்கிறது. எங்கிருந்து வந்தாய், என்ன நிறம் என்று கேட்காமல், "பாடு" என்று சொல்லுகிறது.

அப்படிச் சொல்லும் ஊருக்கு ஒரு நாள் உலகமே காது கொடுக்கும்.